அடுக்கு ஆக்சைடுகளின் இடைமுகத்தில் அணுக்கள்

முன்னுரை

கருநாடக எல்லையைத் தொட்டு நிற்கும் ஓசூரும், அதனை உள்ளடக்கிய கிருட்டிணகிரி மாவட்டமும் மாங்கனிக்கும் கருங்கல்லுக்கும் பெயர் பெற்றவை. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் இருசக்கர வண்டிகளும் அப்பெயரோடு சேர்ந்துகொண்டன. டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்த ஆண்டு 1980. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும், லித்தியம் கோபால்ட் ஆக்சைடு மின்கலத்தின் நேர்மின்முனையாகப் பயன்படும் என்று அறிவித்தனர். அன்று இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தவர் எவரும் இலர். 2021 ஆம் ஆண்டிலோ ஓசூரில் ஏத்தர் நிறுவனமும், போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனமும் மின்வண்டிகளை உருவாக்கும் ஆலைகளைத் தொடங்கின. பெட்ரோல் இருந்த இடத்தில் இன்று அணுக்களின் அடுக்கு இருக்கிறது.

மின்வண்டியின் உறுப்புகளில் விலை மிகுந்தது மின்கலத் தொகுதியே. கடன்பெற்று வண்டி வாங்கும் எளிய குடும்பத்திற்கு அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது வாழ்க்கைக் கேள்வியாகும். அக்கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லைக்கோட்டில் அடங்கியுள்ளது. அதனை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அடுக்கு என்னும் அமைப்பு

இம்மாவட்டத்துக் கருங்கற்களில் மின்னும் காக்காய்ப்பொன்னை நாம் நகத்தால் ஏடு ஏடாகப் பிரித்திருக்கிறோம். அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதே அது அவ்வாறு பிரிவதற்குக் காரணம். லித்தியம் கோபால்ட் ஆக்சைடும் அடுக்குப் படிகமே. ஆக்சிஜன் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க, அவற்றின் இடைவெளிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோபால்ட்டும் லித்தியமும் அமர்ந்துள்ளன. கோபால்ட் அடுக்கைச் சுவர் என்றும், லித்தியம் அடுக்கைத் தெரு என்றும் கொள்ளலாம். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் தெரு வழியே வெளியேறி, மறுமுனையிலுள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுகின்றன. வண்டி ஓடும்போது அவை தம் பழைய தெருவுக்குத் திரும்புகின்றன. இவ்வமைப்பு ஏறத்தாழ 4 வோல்ட் மின்னழுத்தம் தரவல்லது. 1991 இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த லித்தியம் அயனி மின்கலத்தின் அடிப்படை இதுவே.

கோபால்ட் விலை மிக்கது, கிடைப்பது அரிது. ஆகவே அதன் இடத்தில் நிக்கலையும் மாங்கனீசையும் கலந்தனர். நிக்கலின் பங்கு கூடக்கூடக் கலம் தாங்கும் ஆற்றலும் கூடியது. ஆயின், ஆற்றலோடு ஒரு நோயும் வந்து சேர்ந்தது.

இடைமுகமும் புணர்ச்சியும்

இரு பொருள்கள் சந்திக்கும் பரப்பை இடைமுகம் என்கிறோம். ஆக்சைடுத் துகளும் அதனைச் சூழ்ந்த மின்பகு நீர்மமும் தொட்டுக்கொள்ளும் இடம் அத்தகையது. தமிழ் பயின்றோர்க்கு இது புதிய கருத்தன்று. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்தில்தான் மாற்றம் நிகழும் என்று புணரியலில் படித்திருக்கிறோம். சொற்களின் நடுப்பகுதி மாறாதிருக்க, விளிம்புகளே தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரங்களை அடைகின்றன. ஆக்சைடின் இடைமுகத்திலும் இம்மூன்றையும் காணலாம்.

பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடியாகும்போது மெய்யெழுத்தொன்று தோன்றுகிறது. அதுபோல மின்பகு நீர்மம் சிதைந்து, துகளின்மேல் மெல்லிய படலமொன்று புதிதாகத் தோன்றுகிறது.

மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறது. அதுபோல, மின்னேற்றம் மிகுந்த நிலையில் மேற்பரப்பு நிக்கல் மிகுந்த வினைத்திறன் பெறுகிறது. அங்கிருந்து ஆக்சிஜன் வெளியேறிக் கெடுகிறது.

பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடமாகும்போது னகரம் திரிகிறது. இங்கே திரிவது அடுக்கமைப்பே. நிக்கல் அயனியின் ஆரம் 0.069 நானோமீட்டர், லித்தியம் அயனியின் ஆரம் 0.076 நானோமீட்டர். அளவில் இவை நெருங்கியவை. ஆதலின் லித்தியம் நீங்கிய வெற்றிடத்தில் நிக்கல் எளிதில் நுழைந்துவிடுகிறது. ஆக்சிஜன் சட்டகம் பெரிதும் அவ்வாறே நிற்க, சுவருக்கும் தெருவுக்கும் இருந்த வேறுபாடு மறைந்து, கல்லுப்பின் படிக அமைப்பு உருவாகிறது. வீடு திரும்பும் லித்தியத்திற்குத் தெருமுனையிலேயே கதவு அடைபடுகிறது. மின்தடை உயர்கிறது; வண்டி ஓடும் தூரம் குறைகிறது.

இத்திரிபு படர்வது பெரும்பாலும் சில நானோமீட்டர் ஆழமே. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பத்து மைக்ரோமீட்டர் பருமனுள்ள துகளில் ஐந்து நானோமீட்டர் ஓடு அதன் குறுக்களவில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. துகளின் உட்பகுதி நலமாக இருக்க, இத்துணை மெல்லிய ஓடு முழுத்துகளின் பயனையும் குறைத்துவிடுகிறது.

கண்டறிந்த வழி

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மிகக் கூரிய கற்றையைப் படிகத்தின் மீது நகர்த்தி, பெருங்கோணத்தில் சிதறும் எலக்ட்ரான்களைத் திரட்டிப் படமாக்குகின்றனர். இம்முறையில் அணு எண் உயர்ந்த அணு ஒளிர்ந்து தோன்றும். நிக்கலின் அணு எண் 28. லித்தியத்தின் அணு எண் 3. எனவே நல்ல படிகத்தில் ஒளிவரிசையும் இருள்வரிசையும் மாறிமாறித் தோன்றும். விளிம்பை அணுகுங்கால் இருள்வரிசையில் ஒளிப்புள்ளிகள் தென்படுமாயின், லித்தியத்தின் தெருவில் நிக்கல் குடியேறிவிட்டது என்று அறியலாம்.

மருந்துகள்

நோயின் இடம் தெரிந்தபின் மருந்து தேடுவது எளிதாயிற்று. துகளின்மேல் அலுமினியம் ஆக்சைடு போன்றவற்றை மெல்லிய போர்வையாகப் பூசுதல் ஒரு முறை. உள்ளே நிக்கல் மிகுந்தும் வெளியே மாங்கனீசு மிகுந்தும் அமையுமாறு துகளை வளர்த்தல் மற்றொன்று. மின்னேற்ற இறக்கத்தில் படிகம் விரிந்து சுருங்குவதால் துகள் வெடித்து, வெடிப்பினுள் நீர்மம் புகுந்து புதிய இடைமுகங்களைப் பிறப்பிக்கிறது. இதனைத் தவிர்க்க ஒற்றைப் படிகத் துகள்களைப் பயன்படுத்துவர். வெப்பமும் முழு மின்னேற்றமும் இத்திரிபை விரைவுபடுத்துவதால், இவ்வகைக் கலமுள்ள வண்டியை முழுதும் ஏற்றிய நிலையில் நெடுநாள் வெயிலில் நிறுத்தாதிருப்பது நம் கையிலுள்ள மருந்தாகும்.

இத்துறையில் ஒரு தமிழரின் பெயர் ஒளிர்கிறது. மதுரையிலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், குடினஃப்புடன் பணியாற்றி, அமெரிக்காவின் டெக்சாசு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நிக்கல் மிகுந்த, கோபால்ட் அற்ற அடுக்கு ஆக்சைடுகளை ஆராய்ந்து வருபவர் அவர். 2019 இல் குடினஃப்புக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, தொண்ணூற்றேழு வயதான அவர் சார்பில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவரும் இவரே. நம் மண்ணில், வள்ளல் அழகப்பர் அளித்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் லித்தியம் மின்கல ஆய்வில் ஈடுபட்டுள்ளது.

முடிவுரை

ஓசூர் ஆலைகளின் வாயிலில் நம் இளைஞர்கள் நிற்கின்றனர். திருகாணி முடுக்கும் பணியும் மதிப்புக்குரியதே. எனினும், தாம் முடுக்கும் பெட்டிக்குள் நிகழ்வதை அறிந்தவரே ஆய்வுக்கூடத்தின் வாயிலையும் தட்டுவர். அவ்வறிவு தாய்மொழியில் வாயாதது என்னும் அச்சம் வேண்டா. புணர்ச்சி விதி கற்ற மாணவர், இடைமுகத்தின் இயல்பில் பாதியைக் கற்றவரே. எஞ்சிய பாதியை அறிவியல் துறையினர் தமிழில் கற்பிக்க முன்வருவாராக; தமிழ்த்துறையினராகிய நாமும் உரிய சொற்களோடு அவர்க்குத் துணைநிற்போமாக.