கண்ணாடித் தொட்டியில் கூட்டமாக வாழும் மீன்கள்: ஜீப்ரா மீன் பற்றிய ஒரு பாடம்

புதிதாக அமைக்கப்பட்ட மீன் தொட்டியில் முதல் வாரம் மீன்கள் நன்றாகவே நீந்தும். இரண்டாம் வாரத்தில் அவை ஒவ்வொன்றாக நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து மூடத் தொடங்கும், பின்னர் மடியும். நீர் தெளிவாகவே இருப்பதால் காரணம் விளங்குவதில்லை. மீன் விற்றவரைக் குறை கூறிவிட்டு, வேறு மீன்களை வாங்கி அதே தொட்டியில் விடுவது பல பள்ளிகளில் காணும் வழக்கம். இவ்விழப்பிற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. நீரைப் பக்குவப்படுத்தாமல் மீன்களை விடுவது ஒன்று; கூட்டமாக வாழும் மீன்களை ஒன்றிரண்டாக வாங்குவது மற்றொன்று. நம் நாட்டிற்கு உரிய ஜீப்ரா மீனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை ஆராய்வோம்.

மீனின் இயல்பு

ஜீப்ரா மீன் சுமார் 4 சென்டிமீட்டர் நீளமுள்ளது. உடல் நெடுகிலும் நீல வரிகள் ஓடும். இந்தியா, நேபாளம், வங்காள தேசம் ஆகிய நாடுகளில், மெதுவாக ஓடும் சிற்றோடைகளிலும், குட்டைகளிலும், நெல் வயல்களை அடுத்த நீர்நிலைகளிலும் இது வாழ்கிறது. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ல் வெளியிட்ட கங்கை மீன்களைப் பற்றிய நூலில் இதனை முதன்முதலாக விவரித்தார். இன்று இம்மீன் உலகெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்க்கப்படுகிறது. மனிதனின் மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்திற்கு இம்மீனிடம் நிகரான மரபணு உண்டு என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது.

கூட்டமாக இருப்பது இம்மீனுக்குப் பாதுகாப்பு. பல கண்கள் சேர்ந்து பகையை விரைவில் காண்கின்றன. ஒன்றுபோல் அசையும் உடல்களிடையே ஒன்றைக் குறிவைப்பது பகைக்கு எளிதன்று. தனியே விடப்பட்ட மீன் அச்சத்தால் மூலையில் ஒதுங்கும், இரையைச் சரியாக உண்ணாது, எளிதில் நோயுறும். ஆகவே ஓர் இனத்தில் குறைந்தது 6 மீன்களேனும் இருத்தல் வேண்டும். ஐந்து இனங்களில் இரண்டிரண்டாக 10 மீன்களை வைப்பதைவிட, இரண்டு இனங்களில் ஆறாறாக 12 மீன்களை வைப்பதே சாலச் சிறந்தது.

தொட்டியும் நீரும்

60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தொட்டி போதுமானது. அதில் 25 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நிரப்பினால் 45 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டும் 45 கிலோகிராம் ஆதலால் உறுதியான, சமமான மேசை தேவை. நேர் வெயில் படாத இடமே ஏற்றது. நீரின் உஷ்ணம் 22 முதல் 27 டிகிரி சென்டிகிரேடு வரை இருப்பது நலம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராமே கரையும். கோடையில் காற்றுக் குழாயை நிறுத்தலாகாது என்பதற்கு இதுவே காரணம். மீன்கள் துள்ளுமாதலால் மூடியும் வேண்டும்.

குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் நீங்கும்.

கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு

மீன்கள் செவுள் வழியே அமோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய இரை அழுகுவதாலும் அமோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பிறிதொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடிய நஞ்சு. மூன்றாவது அவ்வளவு தீங்கற்றது. அதனைச் செடிகள் ஓரளவு உட்கொள்ளும். எஞ்சியது நீரை மாற்றும்போது நீங்கும்.

புதிய தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவில் இல்லை. அவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஆகவே மணல், செடி, வடிகட்டி ஆகியவற்றை அமைத்து, மீன் விடாமலே நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் இரையை இட்டு வர வேண்டும். பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை இட்டால் காலம் குறையும். அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை எனப் பரிசோதனை காட்டிய பின்னரே 6 ஜீப்ரா மீன்களை விட வேண்டும். மேலும் இரு வாரங்கள் கழித்து, இலங்கையைத் தாயகமாகக் கொண்ட செர்ரி பார்ப் போன்ற சாதுவான இனத்தில் 6 மீன்களைச் சேர்க்கலாம். பிற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப் இத்தொட்டிக்கு ஆகாது.

வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சை, வெளியே எடுத்த அத்தொட்டி நீரிலேயே அலச வேண்டும். குழாய் நீரில் கழுவினால் பயன்தரும் பாக்டீரியாக்கள் மடியும். இரை, இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே இருக்கட்டும்.

வகுப்பில் ஒரு சோதனை

சிறு தொட்டியில் ஒரு ஜீப்ரா மீனை விடுக. அதன் இரு முனைகளிலும் வெளிப்புறமாக ஒவ்வொரு கண்ணாடி ஜாடியை வைக்க. ஒன்றில் 5 ஜீப்ரா மீன்களும், மற்றதில் வெறும் நீரும் இருக்கட்டும். 30 விநாடிக்கு ஒருமுறை மீன் எந்தப் பாதியில் உள்ளதென 20 முறை குறித்துக் கொள்க. பிறகு ஜாடிகளை இடம் மாற்றி மீண்டும் குறிக்க. மாற்றாவிடில், மீன் நாடியது கூட்டத்தையா, சன்னல் வெளிச்சத்தையா என்று துணிய இயலாது. சோதனை முடிந்ததும் எல்லா மீன்களையும் ஒன்றாகத் தொட்டியில் சேர்த்துவிடுக.

ஓர் எச்சரிக்கை

வளர்க்க இயலாத மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விடுதல் கூடாது. அயல்நாட்டுக் கப்பி மீனும், தென் அமெரிக்க உறிஞ்சுவாய் மீனும் இவ்வாறு வெளியேறி நம் நீர்நிலைகளில் பெருகியுள்ளன. அத்தகைய மீன்களை, வளர்க்கும் வசதியுள்ள மற்றொரு பள்ளிக்குக் கொடுப்பதே முறை.

பயிற்சி வினாக்கள்

1. நீர் தெளிவாக இருந்தும் மீன்கள் மடிவது ஏன்?
2. வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவலாகாது ஏன்?
3. மேற்கூறிய சோதனையில் ஜாடிகளை இடம் மாற்றுவதன் நோக்கம் யாது?