படகுக்கு ஒரு நகரும் தொட்டில்

கோதையாறும் பறளியாறும் ஒன்றுகூடிக் குழித்துறை ஆறாகித் தேங்காய்ப்பட்டினத்தில் கடலை அடைகின்றன. இவ்வாற்று நாட்டின் மேற்பகுதியில் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே அமைந்துள்ளது அருமனை. கடலோரத்து ஊராக இல்லாவிடினும், கடலோரத்திற்கு வேண்டிய மரம் இத்தகைய உள்நாட்டு ஊர்களிலேயே விளைகிறது. ஆகவே, கடற்கரைப் பஞ்சாயத்துகளுக்கும் உள்நாட்டுப் பஞ்சாயத்துகளுக்கும் ஒருங்கே பயன் தரக்கூடிய ஓர் எளிய சாதனத்தைப் பற்றி இங்கு ஆராய்வோம். சிறு படகின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும்போது அதனைத் தாங்கி நிற்கவும், வேண்டிய இடத்திற்கு உருட்டிச் செல்லவும் உதவும் சக்கரத் தொட்டிலே அது.

தேவை எவ்வாறு ஏற்பட்டது?

நம் முன்னோர் கட்டுமரத்திற்குத் தொட்டில் தேடவில்லை. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்தினர். குடைந்து செய்த வள்ளத்திற்கும் அது வேண்டியதில்லை. கனத்த மரமாதலால், மணலில் உருளைகளின்மேல் ஏற்றி வைத்தாலும் அதன் வடிவம் கெடுவதில்லை.

1980ஆம் ஆண்டுகளில் நிலைமை மாறியது. பெருமரங்கள் அருகி விலை ஏறிய காலத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கம் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டுவதில் முனைந்தது. ஷூமாக்கர் என்னும் பொருளாதார அறிஞர் 1966இல் இங்கிலாந்தில் தோற்றுவித்த இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழுவும் இம்முயற்சிக்குத் துணை நின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கண்ணாடி நாரிழைப் படகுகள் பெருகின. பாய் விரித்து ஓடிய படகுகள் பலவற்றில் இன்று இயந்திரம் பொருத்தப்பட்டுள்ளது.

இப்புதிய படகுகள் இலேசானவை, விரைவாகச் செல்பவை. ஆயினும் இவற்றின் தோல் மெல்லியது. ஒரு கல்லின்மேலோ மரக்கட்டையின் முனையின்மேலோ படகின் பாரம் முழுவதும் சில நாட்கள் தங்கினால், அவ்விடம் உள்வாங்கும். நாரிழை உள்ளுக்குள் விரிசல் காணும். மேலே வண்ணம் பூசிவிட்டால் அவ்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அலையின் அடி விழும்போதுதான் அது வெளிப்படும். அப்போது படகு கரையில் இராது. அதில் மனிதர்கள் இருப்பார்கள்.

மற்றொரு காரணமும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறுகிறது. கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் நிற்கும் காலமே பழுதுபார்க்க ஓய்வு கிடைக்கும் காலம்; அதுவே மழைக்காலமுமாகும். ஈரப்பலகையில் கலப்பத்து நிற்காது. ஈர நாரிழையில் பிசின் பற்றாது. மழை வரும்போது கூரைக்கு உள்ளேயும், வெயில் வரும்போது வெளியேயும் படகை நகர்த்த இயலுமானால் வேலை தடைப்படாது. தொட்டிலுக்குச் சக்கரம் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

தாங்கும் முறை

தொட்டில் செய்வோர் மனத்திற் கொள்ள வேண்டிய முதல் விதி: படகு எங்கே வலிமை பெற்றுள்ளதோ அங்கேயே அதனைத் தாங்க வேண்டும். படகின் முதுகெலும்பு ஏரா. எனவே பாரத்தின் பெரும்பகுதி ஏராவின் கீழ் வைக்கும் கட்டைகளில் இறங்க வேண்டும். இருபக்கமும் அமையும் வளைவுத் தாங்கிகள் படகு சாயாமல் பிடித்தால் போதும்.

தாங்கிகளை வைக்கும் இடம், அணியத்திலிருந்தும் அமரத்திலிருந்தும் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உள்ளே இருத்தல் நலம். 18 அடிப் படகாயின் ஒவ்வொரு முனையிலிருந்தும் நாலரை அடி. அவ்விடத்திற்கு அருகே உள்ளிருக்கும் வங்கோ குறுக்குத் தடுப்போ எதுவென்று பார்த்து, அதன் நேர் கீழே தாங்கி வருமாறு சிறிது முன்பின் மாற்றிக்கொள்ள வேண்டும். இரு வங்குகளுக்கு இடைப்பட்ட வெறும் பலகையில் தாங்கி படலாகாது.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

அருமனைச் சுற்றுவட்டாரத்தில் எளிதிற் கிடைப்பது ரப்பர் மரம். பால் வற்றி வெட்டப்படும் மரங்கள் மலிவாகக் கிடைப்பதால் அதனையே வாங்கலாம் எனத் தோன்றும். ஆனால் பச்சை ரப்பர் மரத்தைப் பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் விரைவில் பற்றும். போரான் உப்பில் பதப்படுத்திய மரம் வீட்டிற்குள் இருக்கும் நாற்காலி, மேசைகளுக்கு ஏற்றது. மழையில் நனைந்தால் அவ்வுப்பு கரைந்து வெளியேறிவிடும். ஆதலின் வெளியிடத்தில் நிற்கும் தொட்டிலின் சட்டத்திற்கு ரப்பர் மரம் ஆகாது.

அயனி மரம் மிகவும் ஏற்றது. நெடுங்காலமாக வள்ளங்களுக்கும் வீட்டுக் கதவு நிலைகளுக்கும் பயன்பட்டு வந்த மரம் அது. முற்றிய தென்னையின் வெளிப்பகுதியும் உறுதியானதே. நடுப்பகுதி மென்மையாதலால் நீக்கிவிட வேண்டும். முற்றிய பனையின் வெளிப்பகுதியும் அவ்வாறே பயன்படும். எம்மரமாயினும் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். வெட்டுமுகங்களிலும் துளைகளிலும் முந்திரிக்கொட்டை எண்ணெயைத் தூரிகையால் தடவுவது நம் கடற்கரையின் பழைய வழக்கம். அது கையைப் புண்ணாக்குமாதலால் கையுறை அவசியம்.

அளவுகள்

18 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இயந்திரம், நங்கூரம், வலை, பாய்மரம் அனைத்தையும் இறக்கிய பின் அதன் எடை 350 கிலோ எனக் கொள்வோம். வேறு படகாயின் அளவுகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்க.

1. நெடுஞ்சட்டம் இரண்டு: ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 5 அங்குல உயரம், 3 அங்குலக் கனம்.

2. குறுக்குச் சட்டம் மூன்று: ஒவ்வொன்றும் நாலரை அடி நீளம், கனம் மேற்கூறியவாறே. முனைக்கு ஒன்றாக இரண்டு, தாங்கிகளின் கீழ் வரும். அவற்றினிடையே தூரம் 9 அடி. மூன்றாவது நடுவில் அமையும்.

3. சட்டம் கோணாமல் இருக்க, மூலைக்கு மூலை சாய்வாக இரண்டு பட்டைகள்.

4. ஏராக்கட்டை இரண்டு: ஏரா வழுக்காது அமர, நடுவில் ஆழமற்ற பள்ளம் வெட்டியவை.

5. வளைவுத் தாங்கி நான்கு: ஒவ்வொரு ஏராக்கட்டைக்கும் இருபுறமும் ஒவ்வொன்று. படகைத் தொடும் முகம் 4 அங்குல அகலத்திற்குக் குறையலாகாது.

இணைப்புகள் அனைத்தும் துத்தநாகம் பூசிய போல்ட்டு, நட்டுகளால் ஆனவையாக இருத்தல் வேண்டும். ஆணி அடித்த தொட்டில் அசைய அசைய இளகும். போல்ட்டு வைத்ததைக் கழற்றி, உள்நாட்டுத் தச்சுப் பட்டறையிலிருந்து கடற்கரைக்குச் சிறு வண்டியில் ஏற்றிச் செல்லலாம்; அங்கே மீண்டும் பூட்டலாம்.

வளைவை எடுத்தல்

படகின் வளைவைக் கண்மதிப்பாக வெட்டுதல் தவறு. தாங்கி வரும் இடத்தில் கெட்டி அட்டை ஒன்றைப் படகின் பக்கத்திற்குக் குத்தாக நிறுத்துக. 2 அங்குல நீளமுள்ள சிறு மரத்துண்டின் ஒரு முனையைப் படகில் படுமாறும், மறுமுனையில் பென்சில் அட்டையில் படுமாறும் பிடித்து, மரத்துண்டைச் சாய்க்காமல் மேலிருந்து கீழாக நகர்த்துக. படகின் வளைவு அட்டையில் பதியும். அக்கோட்டில் வெட்டி, மீண்டும் படகில் வைத்துப் பார்த்து, இடைவெளி இருப்பின் திருத்துக. பின்னரே பலகையில் வரைந்து அறுக்க வேண்டும்.

வெட்டிய முகத்தின்மேல் தென்னை நார் திணித்த சாக்கையோ பழைய டயர் ரப்பரையோ பொருத்துக. ஆணித் தலை படகில் படாதவாறு அவற்றைப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும்.

சக்கரங்களின் கணக்கு

படகு 350 கிலோ, தொட்டில் 90 கிலோ, கருவிகளும் பிறவும் 60 கிலோ; ஆக 500 கிலோ. நான்கு சக்கரங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றிற்கு 125 கிலோ. இக்கணக்கை நம்பிச் சக்கரம் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். நான்கு கால் மேசை ஒன்றை மேடுபள்ளமான தரையில் வைத்தால் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு கால்களே பாரத்தைச் சுமப்பதைக் கண்டிருப்போம். தொட்டிலும் அவ்வாறே. ஆகையால் ஒவ்வொரு சக்கரமும் 250 கிலோவைத் தாங்க வேண்டும்; 300 கிலோ தாங்குவதாக வாங்குதல் நன்று.

சக்கரங்கள் தாங்கிகளின் நேர் கீழே அமைந்தால் நெடுஞ்சட்டம் வளையாது. இரண்டு சக்கரங்கள் திரும்பக்கூடியவையாகவும், இரண்டு நேரே ஓடுபவையாகவும் இருக்கட்டும். இடது, வலது சக்கரங்களின் இடைவெளி படகின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கிற்குக் குறையலாகாது. குறைந்தால் தொட்டில் கவிழும். சிமெண்டுத் தளத்தில் 8 அங்குலச் சக்கரம் போதும். மணலில் எச்சிறு சக்கரமும் புதையும். அங்கே இரு வரிசையாகப் பலகை பரப்பி அதன்மேல் உருட்ட வேண்டும்.

ஏற்றும் முறையும் எச்சரிக்கையும்

படகின் இரு முனைகளிலும், முனையிலிருந்து 2 அடி உள்ளே, ஏராவின் கீழ்க் கட்டைகளை அடுக்குக. அணியத்தை நெம்புகோலால் 2 அங்குலம் உயர்த்திக் கட்டை வைத்த பின்னரே அமரத்தை உயர்த்த வேண்டும். இவ்வாறு மாறி மாறி உயர்த்துகையில் இருபுறமும் முட்டுக்கால் கொடுத்திருத்தல் அவசியம். போதிய உயரம் வந்ததும், தொட்டிலின் ஒரு பக்கத்து வளைவுத் தாங்கிகளைக் கழற்றிவிட்டு, இரு கட்டையடுக்குகளுக்கும் நடுவே தொட்டிலைப் பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். கழற்றிய தாங்கிகளைப் பூட்டிய பின்னர், கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படகை இறக்குக.

வேலை தொடங்குமுன், சட்டத்தின் நான்கு மூலைகளிலும் கட்டையும் ஆப்பும் வைத்துச் சக்கரத்தின் பாரத்தை நீக்கிவிட வேண்டும். சக்கரத்தின்மேல் நிற்கும் படகின் கீழ் எவரும் படுத்து வேலை செய்தல் கூடாது. சரிவில் இறக்கும்போது, மேற்புறத்தில் உறுதியான கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிய கயிற்றைச் சிறிது சிறிதாக விட வேண்டும். கீழ்ப்புறத்தில் ஒருவரும் நிற்கலாகாது. நாரிழையைத் தேய்ப்போர் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசமும் கண்ணாடியும் அணிதல் வேண்டும். பிசின் கலக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது.

தாங்கி மறைக்கும் இடங்களில் பழுது உள்ளதா என்று பார்க்கப் பலர் மறந்துவிடுகின்றனர். மற்றப் பகுதி முடிந்ததும், அவ்விடத்தை அடுத்து முட்டுக்கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு தாங்கியை மட்டும் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

ஆண்டில் சில நாட்களே தேவைப்படும் இச்சாதனத்தைத் தனி மீனவர் ஒவ்வொருவரும் செய்துவைத்தல் இயலாது. கடற்கரைப் பஞ்சாயத்தோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ பொதுவில் ஒன்று செய்துவைத்தால் பலருக்கும் உதவும். ஆனால் பொதுப்பொருள் காப்பாளர் இன்றிக் கெடுவதை நாம் நன்கு அறிவோம். எனவே தொட்டிலுக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானத்திலேயே மூன்று செய்திகளைச் சேர்க்க வேண்டும்: அது நிற்கும் கூரை எது, அதன் பொறுப்பாளர் யார், சக்கரமும் போல்ட்டும் மாற்றுவதற்காக ஒவ்வொரு படகினரும் செலுத்தும் சிறு தொகை எவ்வளவு. தாங்கக்கூடிய எடையைச் சட்டத்தின்மேல் பெரிய எழுத்தில் எழுதிவைத்தல் வேண்டும். வளைவுத் தாங்கிகளைப் படகின் வகைக்கு ஓர் இணையாகச் செய்து அடையாளமிட்டால், ஒரே சட்டம் பல படகுகளுக்கும் பொருந்தும்.

அருமனை போன்ற உள்நாட்டு ஊர்களின் தச்சருக்கும் இதில் வேலை உண்டு. தோட்டத்து ஓரத்தில் அயனி வளர்க்கும் விவசாயிக்கும் பயன் உண்டு. இவ்விரு சாராரும் கடற்கரையின் தேவையை அறிந்து, முதல் தொட்டிலைச் செய்யுமுன் ஒருமுறை கடற்கரைக்குச் சென்று, அங்குள்ள படகுகளின் நீளம், அகலம், எடை ஆகியவற்றை மீனவரிடமே கேட்டு எழுதிவருதல் நலம். அளவு சரியாக இருந்தால் மற்றவை தச்சரின் கைத்திறனில் அமையும்.