நம்ம ஊரிலும் நடத்தலாம் ஒரு வலைப்பதிவர் மாநாடு!



"உங்க பூட்டைப் பத்தி நெட்டுல ஏதாச்சும் இருக்காண்ணே? எங்க ஊருக்குப் போயி நாலு பேருக்குக் காட்டணும்."

வெளியூரிலிருந்து வந்த ஒரு வியாபாரி எங்க அப்பாவிடம் கேட்ட கேள்வி இது. அப்பா முப்பது வருஷமாகப் பூட்டுப் பட்டறையில் லீவர் அராவுகிறவர். அவர் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். "இவ கம்ப்யூட்டருக்குத்தான் படிக்கிறா" என்று மட்டும் சொன்னார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. நண்பர்களே, இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்தப் பார்வைதான்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பூட்டைச் செய்கிறவர்கள் தங்கள் வாயால் சொன்ன செய்தி இணையத்தில் எவ்வளவு இருக்கிறது? சின்னாளபட்டி சுங்குடி, சிறுமலை வாழை, நிலக்கோட்டைப் பூ, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். எழுதத் தெரிந்தவர்களும், இணையதளம் கட்டத் தெரிந்தவர்களும், தொழில் தெரிந்தவர்களும் ஒரே கூரைக்குக் கீழே ஒரு நாள் உட்கார்ந்தால் இதற்கு வழி பிறக்கும். அப்படி உட்காருவதற்குப் பெயர்தான் வலைப்பதிவர் மாநாடு. அதை நடத்துவது எப்படி என்று பாடம்போல் பார்ப்போம்.

1. எங்கே தொடங்கியது?

மாநாடு என்றதும் கோட்டு சூட்டு, பெரிய ஓட்டல், ஆங்கிலப் பேச்சு என்று நாம் பயந்துவிடுகிறோம். உண்மை வேறு.

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் பாலோ ஆல்டோ நகரில் 'பார்கேம்ப்' என்ற கூட்டம் நடந்தது. அழைப்பு வந்தவர்களுக்கு மட்டும் அனுமதி என்றிருந்த ஒரு கூட்டத்துக்குப் பதிலாக, யாரும் வரலாம் என்ற கூட்டமாக இதை ஒரு வாரத்துக்குள் ஏற்பாடு செய்தார்கள். வந்தவர்கள் அனைவரும் ஏதாவது ஒரு வகையில் பங்கெடுக்க வேண்டும். காலையில் சுவரில் ஒரு காலி அட்டவணை இருக்கும். பேச விரும்புகிறவர் தன் தலைப்பை எழுதி ஒட்டுவார். அவ்வளவுதான் நிகழ்ச்சி நிரல்!

அடுத்த ஆண்டு, 2006 ஆகஸ்ட் 5 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் முதல் 'வேர்ட்கேம்ப்' நடந்தது. 2003 மே மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிய கூட்டம் அது. இலவசமான, யாரும் திருத்தி எழுதிக்கொள்ளக்கூடிய மென்பொருள் இது. இன்று உலக இணையதளங்களில் பத்துக்கு நாலு இதில்தான் ஓடுகின்றன. வேர்ட்கேம்ப்களை அந்தந்த ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். ஏற்பாட்டாளருக்கும் சம்பளம் கிடையாது, பேச்சாளருக்கும் கிடையாது. முதலில் சின்னச் சின்னக் கூட்டங்களாகக் கூடிப் பழகிய ஊர்தான் பெரிய கூட்டத்துக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. தமிழில் நடந்தவை

நாம் இதில் பின்தங்கியவர்கள் இல்லை. 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. நாம் இன்று தட்டச்சு செய்யும் 'தமிழ் 99' விசைப்பலகை அந்தச் சென்னை மாநாட்டை ஒட்டி வந்ததுதான். ஆக, ஒரு மாநாடு கூடிக் கலைவதோடு முடிந்துவிடாது, நம் விரல் நுனி வரைக்கும் வந்து சேரும்.

அவை அறிஞர்களும் அரசும் கூடியவை. எழுதுகிற சாதாரண மக்கள் கூடியதும் உண்டு. 2006 செப்டம்பரில் சென்னை டைடல் பார்க்கில் 'பிளாக்கேம்ப்' இரண்டு நாள் நடந்தது. 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. 'பட்டறை' என்ற பெயரே எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்க அப்பா வேலை செய்யும் இடத்துக்கும் அதே பெயர்தானே!

பிறகு இது சென்னையை விட்டு வெளியே வந்தது. 2009 டிசம்பரில் ஈரோட்டில் பதிவர்கள் கூடினார்கள். 2012லும் 2013லும் சென்னையில் பதிவர் திருவிழா. 2014 அக்டோபர் 26 அன்று நமக்குப் பக்கத்து மதுரையில். 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில்.

புதுக்கோட்டை விழாவை நாம் கவனித்துப் படிக்க வேண்டும். அங்கே பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி கிடையாது. ஆசிரியர்களும் உள்ளூர் எழுத்தாளர்களும் கணினித் தமிழ்ச் சங்கம் வைத்து நடத்தினார்கள். தமிழ் இணையக் கல்விக் கழகத்தோடு சேர்ந்து கட்டுரை, கவிதைப் போட்டிகள் வைத்தார்கள். பதிவர்களின் விவரம் அடங்கிய கையேடு ஒன்றையும் அச்சிட்டு வெளியிட்டார்கள். புதுக்கோட்டையில் முடிந்தது திண்டுக்கல்லில் முடியாதா? திருச்சி, மதுரை, கரூர், பழனி என்று நாலு பக்கமும் ரயில் பாதை பிரிகிற ஜங்ஷன் நம்முடையது!

3. நாங்கள் செய்து பார்த்த ஒத்திகை

சின்னதாகக் கூடிப் பழக வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? போன பருவத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரே வகுப்பறையில், 23 பேர் கூடி ஒத்திகை பார்த்தோம். அதில் நடந்த தப்புகளைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையின் முக்கியப் பாடமே அதுதான்.

கரண்ட் தப்பு: 18 லேப்டாப், ஒரு புரொஜெக்டர், நாலு ஃபேன். எல்லாம் ஒரே சர்க்யூட். பத்து மணிக்கு ஆரம்பித்து, பத்தே காலுக்கு எம்.சி.பி. விழுந்தது. நான் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன். லேப்டாப்புக்கு அதிகபட்சம் 65 வாட் வீதம் 1170, புரொஜெக்டர் 300, ஃபேன் 300, ஆக 1770 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 7.7 ஆம்பியர். பத்து ஆம்பியர் எம்.சி.பி. ஏன் விழ வேண்டும்?

எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மெண்ட் அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே விளக்கினார்: "பவர் ஃபேக்டரை மறந்துட்டியேம்மா. சின்னச் சார்ஜருக்கெல்லாம் அது 0.6 பக்கந்தான் இருக்கும்." மறுபடி போட்டோம். 1170ஐ 0.6ஆல் வகுத்தால் 1950 வி.ஏ. மற்றவை 600. மொத்தம் 2550. வகுத்தால் ஏறக்குறைய 11 ஆம்பியர். செமஸ்டரில் மனப்பாடம் பண்ணிய பாடம் அன்றைக்குத்தான் புரிந்தது. ஆகவே, லோடை இரண்டு மூன்று சர்க்யூட்டுக்குப் பிரித்துப் போடுங்கள். முதல் நாளே எலெக்ட்ரிக்கல் மாணவர் ஒருவரைக் கூட்டிப்போய் போர்டைப் பாருங்கள்.

இணையத் தப்பு: ஒரே மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பினோம். பத்துப் பேருக்கு மேல் சேரவே இல்லை. வேர்ட்பிரஸ் சுமார் 30 எம்.பி., அதை நம் கணிப்பொறியிலேயே ஓட்ட உதவும் ஸாம்ப் சுமார் 150 எம்.பி. அறுபது பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் கிட்டத்தட்ட 11 ஜி.பி. எந்த ஹாட்ஸ்பாட் தாங்கும்? ஆறு பென்டிரைவில் முன்கூட்டியே ஏற்றி வைத்தால் விஷயம் முடிந்தது. இணையமே இல்லாமல் 'லோக்கல்ஹோஸ்ட்டில்' இணையதளம் கட்டிப் பழகலாம். கட்டி முடித்ததைக் கடைசியில் இணையத்தில் ஏற்றினால் போதும்.

4. ஏற்பாடு: படிப்படியாக

குழு: ஐந்து பேர் போதும். இடம், பணம், பேச்சாளர், தொழில்நுட்பம், சாப்பாடு என்று ஆளுக்கு ஒரு பொறுப்பு. "எல்லாரும் பாத்துக்கலாம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நாள்: பருவத் தேர்வு, முகூர்த்த நாள், உள்ளூர்த் திருவிழா மூன்றையும் பார்த்துத் தேதி வையுங்கள். முகூர்த்த நாளில் மண்டபமும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்க மாட்டார்.

நேரம்: காலை 9.30க்குத் தொடங்கி மாலை 4 மணிக்குக் கட்டாயம் முடிக்க வேண்டும். நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை பக்கம் போகிற மாணவிகள் இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தால்தான் அடுத்த கூட்டத்துக்கு வீட்டில் விடுவார்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

பணம்: அறுபது பேருக்கு நாங்கள் போட்டிருக்கும் உத்தேசக் கணக்கு இது. மதியச் சாப்பாடு தலைக்கு 80 வீதம் ரூ.4800. இரண்டு வேளை டீ, வடை ரூ.1500. பேனர் ரூ.600. பேட்ஜும் நோட்டீசும் ரூ.500. வயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரூ.800. நான்கு பேச்சாளர் பஸ் செலவு ரூ.1200. எதிர்பாராதது ரூ.600. மொத்தம் ரூ.10,000. நுழைவுக் கட்டணம் 50 ரூபாய் என்றால் ரூ.3000 வரும். மீதி ஏழாயிரத்துக்கு ஏழு கடைகளில் தலா ஆயிரம் கேட்கலாம். "எதுக்குக் கட்டணம், ஃப்ரீயா விடலாமே" என்பார்கள். ஓசி என்றால் பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள், சாப்பாடு வீணாகும். வரவு செலவைக் கடைசி ரூபாய் வரை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அடுத்த வருஷம் அதே கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுப்பார்.

பேச்சாளர்: வெளியூர்ப் பிரபலத்தைத் தேடி அலைய வேண்டாம். பாதிப் பேர் எழுத்தும் இணையமும் தெரிந்தவர்கள், பாதிப் பேர் தொழில் தெரிந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இருபது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கேள்வி. காலையில் பேச்சு, மதியம் எல்லோரும் கை வைத்துச் செய்கிற பட்டறை. ஒரு சுவரில் பார்கேம்ப் போலக் காலி அட்டவணை ஒட்டுங்கள். கூச்சப்படுகிற பையன்கூட மதியத்துக்குள் ஒரு தலைப்பு எழுதுவான்.

பாடம்: பட்டறையில் மூன்று விஷயம் சொல்லித்தந்தால் போதும். யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்வது, ஒரு பக்கம் எழுதிப் படம் சேர்ப்பது, பெயர்ப்பதிவும் இடமும் வாங்கி இணையத்தில் ஏற்றுவது. பெயர்ப்பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் தளம் போய்விடும் என்பதையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அடுத்தவர் எழுத்தையும் படத்தையும் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

5. முடிந்த பிறகு

கைதட்டி, போட்டோ எடுத்து, வீட்டுக்குப் போய்விட்டால் அது வெறும் கல்யாண வீடு. மாநாடு முடிந்த பதினைந்து நாளுக்குள் வந்தவர்கள் ஒவ்வொருவரும் நம் ஊரைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி ஏற்றியிருக்க வேண்டும். அறுபது பேர் வந்தால் அறுபது பக்கம். மாநாடு ஜெயித்ததா என்பதற்கு அதுதான் மதிப்பெண்.

6. முடிவுரை

எங்கள் ஒத்திகைக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். "அங்கன எல்லாம் படிச்சவுக இருப்பாக, நான் எதுக்குத் தாயி?" என்றார். ரொம்பக் கெஞ்சியபின் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கரண்ட் போன அந்த அரை மணி நேரத்தில் புரொஜெக்டரும் இல்லை, இணையமும் இல்லை. "அண்ணே, நீங்க பேசுங்கண்ணே" என்று ஒரு மாணவர் சொன்னார். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார். லீவர் ஒவ்வொன்றும் எந்த உயரத்தில் நிற்க வேண்டும், அரம் ஒரு இழுப்பு அதிகமானால் என்ன ஆகும் என்று சொல்ல ஆரம்பித்தார். "ஒரு பூட்டுக்குப் போட்ட சாவி பக்கத்துப் பூட்டுக்குச் சேரக் கூடாது. அம்புட்டுதான் எங்க வேலை" என்றார். 23 பேரும் எழுந்து வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். பேட்டரி மிச்சமிருந்த ஒரு லேப்டாப்பில் என் தோழி அத்தனையையும் தட்டச்சு செய்தாள்.

அன்று ராத்திரி அதைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அதுல என் பேரு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று காட்டினேன். தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்த ரெண்டாவது வரி தப்பு தாயி. அரம் மேலாக்கப் போகாது, குறுக்கத்தான் போகும்" என்று திருத்தம் சொன்னார். திருத்திவிட்டேன்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தறி, ஒரு தோட்டம், ஒரு அடுப்படி, ஒரு பட்டறை இருக்கும். அதைத் தெரிந்தவர் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். வரும் கல்வியாண்டில் நம் மாணவர் சங்கத்தின் சார்பில் அறுபது பேர் கூடும் மாநாட்டை நடத்த எண்ணியிருக்கிறோம். எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், சிவில், கணினி என்று எந்தத் துறையானாலும் வாருங்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும். வரும்போது கூடவே அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.



— இரண்டாமாண்டு மாணவி, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு