வேல் தேர் போகும் வழியில் இரண்டு நாள் கொழும்பு

ரோமுக்கோ பராகுக்கோ இரண்டு நாள் போய்வருவதென்றால் எங்கள் ஆட்கள் எவ்வளவு கவனமாகத் திட்டம் போடுவார்கள்! எந்தத் தேவாலயம் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தச் சந்துக்குள் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் விமானம் ஏறும் முன்பே கையில் இருக்கும். அதே ஆட்கள் பாரிஸிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ கட்டுநாயக்காவில் வந்து இறங்கினால், யாழ்ப்பாண பஸ் புறப்படும்வரை பொழுதுபோக்கும் இடமாகவே கொழும்பைப் பார்க்கிறார்கள். இரண்டு நாள் ஒதுக்கினால் போதும், இந்த நகரமும் தன் கதையைச் சொல்லும், வயிறாரச் சாப்பாடும் போடும். அதற்கான வழி இது.

தங்குமிடம் ஒருகொடவத்தைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். கொள்கலன் லொறிகள் ஓயாமல் ஓடும் அந்தச் சந்தியில் பார்ப்பதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் இடம் வாய்ப்பானது. 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் வந்து, 2021 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தைக் கடந்தால் நீங்கள் இறங்குவது ஒருகொடவத்தையில்தான். மேற்கே கொட்டாஞ்சேனை கூப்பிடு தூரம். தெற்கே பேஸ்லைன் வீதி தெமட்டகொடை, பொரளை என்று நகரத்துக்குள் போகிறது.

புறப்படும் முன்

எந்த நகரத்துக் குறும்பயணத்துக்கும் மூன்று விதிகள் பொருந்தும். ஒரே திசையில் நகருங்கள், போன வழியில் திரும்பி அலையாதீர்கள். அரை நாளுக்கு ஒரு பெரிய இடம் போதும். சாப்பாட்டை அந்தந்த இடத்தோடு சேர்த்துத் தீர்மானியுங்கள்.

கொழும்பில் அந்தத் திசையை ஆடிவேல் விழா எப்போதோ வகுத்துத் தந்துவிட்டது. செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து புறப்படும் வேல் தேர், கோட்டையையும் காலிமுகத்திடலையும் தாண்டி, காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குப் போகும். வடக்கே கொட்டாஞ்சேனையில் தொடங்கித் தெற்கே வெள்ளவத்தையில் முடித்தால் நீங்களும் ஏறக்குறைய அதே வழியில்தான் போவீர்கள். கொழும்புத் தமிழரின் இரண்டு முனைகளும் அவைதாம்.

நாளைத் தெரிவு செய்யும்போது நாட்காட்டியைப் பாருங்கள். ஞாயிறும் போயா தினமும் புறக்கோட்டைக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கும். போயாவன்று இறைச்சிக் கடையும் மதுக்கடையும் திறவா. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் சனம் நிரம்பி வழியும். வெள்ளி மதியம் பள்ளிவாசலில் தொழுகை நேரம். மழை குறைந்த மாதங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை. தோளையும் முழங்காலையும் மூடும் பருத்தி உடுப்பு, இலகுவில் கழற்றக்கூடிய செருப்பு, ஒரு குடை, ஒரு போத்தல் தண்ணீர் போதும்.

முதல் நாள்: கொட்டாஞ்சேனை முதல் காலிமுகத்திடல் வரை

1. காலை 7 மணிக்கு ஓட்டோ பிடியுங்கள். பிக்மீ செயலியில் அழைத்தால் கட்டணம் முன்கூட்டியே தெரியும். வீதியில் மறிப்பதானால் மீற்றர் போடுகிறாரா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். முதல் நிறுத்தம் கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயம். அதன் பெரிய குவிமாடம் சுற்றியுள்ள கூரைகளுக்கு மேலே எழுந்து நிற்கும். காலைப் பூசை நடந்தால் பின்வரிசையில் அமைதியாக இருங்கள்.

2. காலைச் சாப்பாட்டைக் கொட்டாஞ்சேனையிலேயே முடியுங்கள். ஒரு சைவக் கடையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் கேளுங்கள். இடியப்பத்தைத் தட்டிலேயே பிய்த்து, சொதி ஊறவிட்டு, சம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சாப்பிட வேண்டும். பக்கத்தில் உளுந்து வடையும் பிளேன்டீயும் இருந்தால் மதியம்வரை தாங்கும்.

3. அங்கிருந்து கொச்சிக்கடைக்கு வாருங்கள். இராமநாதன் தெருவில் பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இலிருந்து 1912 வரை கருங்கற் கோயிலாகத் திருப்பிக் கட்டினார். வெயில் கொளுத்தும் நாளிலும் உள்ளே காலடியில் கல் குளிர்ந்திருக்கும். தூண்களின் சிற்பங்களைப் பார்த்து முடிக்க அவசரப்படாதீர்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது வழக்கம். நண்பகலோடு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையே நல்லது.

4. அருகிலேயே புனித அந்தோனியார் திருத்தலம். எல்லாச் சமயத்தாரும் மெழுகுதிரி ஏற்றும் இடம் இது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் இங்கே குண்டு வெடித்தது. சில வாரங்களிலேயே திருத்தி, ஜூனில் மறுபடி திறந்தார்கள். உயிரிழந்தோருக்கான நினைவுச் சின்னத்தின் முன் படம் எடுப்பதை விடச் சற்று நேரம் நிற்பதே முறை. வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், சிறிய பையோடு போங்கள்.

5. பத்து மணியளவில் செட்டியார் தெரு. நகைக் கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோயில்களின் கோபுரங்கள். அங்கிருந்து புறக்கோட்டைக்குள் நடந்தே போங்கள். இங்கே தெருவுக்குத் தெரு ஒரு வியாபாரம்: கெய்சர் வீதியில் துணி, கபோஸ் லேனில் மூலிகை மருந்துச் சரக்கு, முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள், நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் மூட்டை மூட்டையாக. நாட்டாமைமார் கைவண்டியோடு வரும்போது ஒதுங்கி வழி விடுங்கள். கைபேசியையும் பணப்பையையும் முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

6. இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த ஆண்டு முடித்த பள்ளிவாசல். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கற்கட்டு, மாதுளம்பழ வடிவக் குவிமாடங்கள். தெருவின் எதிர்ப்பக்கம் நின்றால்தான் முழு முகப்பும் கண்ணுக்குள் அடங்கும். உள்ளே போக விரும்பினால் வாசலில் அனுமதி கேளுங்கள், பெண்கள் தலையை மூடிக்கொள்ளச் சால்வை வைத்திருங்கள். மதியச் சாப்பாட்டை இந்தப் பக்கத்து முஸ்லிம் கடை ஒன்றில் புரியாணியாகவும் வட்டிலப்பமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

7. உச்சி வெயிலில் கோட்டையில் நிழல் தேடுங்கள். 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் மருத்துவமனை இன்று உணவகங்களும் கடைகளுமாக இருக்கிறது. தடித்த சுவர்களும் அகன்ற முற்றமும் வெயிலை அண்டவிடா. மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப் உணவகம் இங்கேதான். சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்கள் சங்கக்கார, மஹேல மூவரும் 2011இல் தொடங்கியது. நண்டு அங்கே எடைக்கணக்கில் விலை பேசும், முன்பதிவும் வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்க விரும்பினால் நண்டை நாளை வெள்ளவத்தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஐந்து மணிக்குக் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்த கடலோர நடைபாதை. 2022இல் ஒரு சனாதிபதியை வீட்டுக்கு அனுப்பிய மக்கள் போராட்டம் கூடாரம் அடித்த இடமும் இதன் ஓரந்தான். சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரை மணியளவிலேயே மறையும், அதற்கு முன் இடம் பிடியுங்கள். இறால் வடை வாங்கும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறிக் கிடப்பதை எடுக்காதீர்கள். பருப்பு மாவைத் தட்டி, ஓட்டோடு இறாலை மேலே அழுத்தி, உங்கள் கண்முன் எண்ணெயில் போடும் வண்டியைத் தேடுங்கள். ஓரம் பொன்னிறமாகி இறாலின் ஓடு மொறுமொறுவென்று சிவந்தபின் வெங்காயமும் மிளகாய்க் குழம்பும் மேலே விழும். சுடச்சுட, நின்றபடியே சாப்பிட வேண்டியது அது.

இரண்டாம் நாள்: அருங்காட்சியகம் முதல் வெள்ளவத்தை வரை

1. காலையில் 154 இலக்க பஸ் பிடித்தால் பொரளை வழியே கறுவாத்தோட்டப் பக்கம் வரலாம். ஒன்பது மணிக்குத் தேசிய அருங்காட்சியகம் திறக்கும். 1877இல் ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் தொடங்கியது. எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், இரண்டைப் பாருங்கள். ஒன்று, பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த செப்புத் திருமேனிகள்.

2. மற்றது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடலோடி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்தையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. அறுநூறு ஆண்டுக்கு முன் இந்தக் கடற்கரையில் வாணிபம் பேசத் தமிழ் வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எழுத்து தேய்ந்திருக்கும், பக்கவாட்டில் நின்று வெளிச்சம் சாயும் கோணத்தில் பாருங்கள்.

3. அங்கிருந்து ஓட்டோவில் கொள்ளுப்பிட்டி ரயில் நிலையம். வெள்ளவத்தைக்கு ரிக்கற் எடுத்து, பெட்டியின் வலப்பக்கம் நில்லுங்கள். தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும், அலைத்துளி முகத்தில் படும். எல்லா ரயிலும் வெள்ளவத்தையில் நிற்காது, ஏறும் முன் கேளுங்கள். மாலை அலுவலக நேரம் நெரிசல் தாங்காது என்பதால் நண்பகலே உகந்தது.

4. மதியம் வெள்ளவத்தையில் யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடை. நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முருங்கை இலைச் சுண்டல். கூழ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், எல்லா நாளும் இராது. நண்டைக் கையால்தான் உடைக்க வேண்டும், வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள்.

5. பின்னேரம் 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கியது. நூலகத்தில் சற்று நேரம் இருங்கள், அன்று மாலை நூல் வெளியீடோ சொற்பொழிவோ இருந்தால் தங்கிக் கேளுங்கள். ஈழத்து இதழ்களும் நூல்களும் வாங்க விரும்புவோர் காலி வீதிப் புத்தகக் கடைகளையும் பாருங்கள்.

6. ஆறு மணிக்குக் கடலோரம் மரைன் டிரைவில் நடை. ஏழுக்குக் கொத்துரொட்டி. தட்டின் மேல் இரு தகடும் மோதும் சத்தம் அடுத்த சந்திவரை கேட்கும், அந்தச் சத்தத்தின் பின்னால் போனால் கடை தானே வரும். ரொட்டி புதிதாக வீசிப் போட்டதா என்று பார்த்துக் கேளுங்கள்.

கடைசியாக மூன்று சொல்

இந்த வழி முழுவதும் முதலில் தமிழில் பேசுங்கள். கொட்டாஞ்சேனையில் அண்ணை, புறக்கோட்டையில் நானா, வெள்ளவத்தையில் அக்கா என்று தொடங்கினாலே வழியும் கிடைக்கும், விலையும் குறையும்.

இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போவோர் வெள்ளவத்தையிலேயே ஏறலாம், எனவே இரண்டாம் நாள் பையையும் அங்கே வைத்துவிட்டு உலாவுங்கள். விமானத்துக்குப் போவோர் மாலை நெரிசலுக்கு முன்பே பேஸ்லைன் வீதியைக் கடந்து ஒருகொடவத்தையில் அதிவேகப் பாதையைப் பிடித்துவிட வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஐரோப்பாவில் பிறந்த பிள்ளைக்கு ஊர் என்றால் அப்பம்மாவின் வீடும் கிணறும் மட்டுமல்ல. தமிழர் கோயில் எழுப்பி, சங்கம் வைத்து, கடை நடத்தி வாழும் ஒரு தலைநகரமும் அவர்களுக்கு உண்டு. அதை அவர்கள் காலால் நடந்து, நாவால் ருசித்து அறியட்டும்.