பட்டம் கேட்கும் வேலையும் பட்டம் உழைக்கும் வேலையும்

அன்பு மருமகனுக்கு,

படிப்புக்கேற்ற வேலை என்று ஊரில் வழங்கும் தொடர் இரண்டு வெவ்வேறு பொருள்களைச் சுமந்துகொண்டிருப்பதால், அவ்விரண்டையும் முதலில் பிரித்து வைத்துக்கொண்டால்தான் மேற்கொண்டு எதுவும் தெளிவாகும். ஒன்று, பட்டம் கேட்கும் வேலை. அது வாசலில் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு, உள்ளே நுழைந்த நாள் முதல் அதை மறந்துவிடுவது. எந்தப் பட்டமாயினும் போதும் என்று அறிவிக்கும், அரசுப் பணிக்கான குரூப் 2 தேர்வின் வழியே கிடைக்கும் பதவிகள் பலவும் இவ்வகையின. மருமகன் எட்டாண்டாக அமர்ந்திருக்கும் கால் சென்டர் நாற்காலியும் இவ்வகையே. மற்றது, பட்டம் உழைக்கும் வேலை. அதாவது, ஒரு வாரத்தில் எடுக்கும் முடிவுகளில் ஒன்றிரண்டேனும் அந்தப் பாடத்தைப் படிக்காதவரால் எடுக்க இயலாதவையாக இருக்கும் வேலை. பதவிப் பெயரில் இன்ஜினியர் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதாலேயே ஒரு வேலை இரண்டாம் வகையில் சேர்ந்துவிடாது. ஆள் எண்ணுவதும், சிமெண்ட் மூட்டை இறங்கியதற்குக் கையெழுத்திடுவதும், மாலையில் வாட்சப்பில் படம் அனுப்புவதுமாகவே ஆண்டுகள் கழியும் சைட் இன்ஜினியர்கள் பலர் உண்டு. அவர்களுடைய பட்டமும் கால் சென்டரில் இருந்த பட்டத்தைப் போலத் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

மருமகனைப் போலச் சிவில் என்று வழங்கும் கட்டடப் பொறியியலில் 2014இல் பட்டம் பெற்றவர்களில் கணிசமானோர் வேறு பக்கம் போனதற்குத் தனிமனிதச் சோம்பல் காரணமன்று. வளாகத் தேர்வுக்கு வந்த மென்பொருள் நிறுவனங்களும் அழைப்பு மையங்களும் எந்தப் பிரிவு என்று பாராமல் ஆள் எடுத்தன. கட்டுமான நிறுவனங்களோ, குறைந்த சம்பளத்தில், ஊர் ஊராகப் போய்த் தங்க ஆயத்தமானவர்களை மட்டுமே கேட்டன. வீட்டில் கல்விக் கடன் இருந்த பிள்ளை எதைத் தேர்ந்திருக்க முடியும் என்பது கேட்கத் தேவையில்லாத கேள்வி. ஆகவே அந்த எட்டாண்டுகளைப் பிழையென்று கருதித் தலைகுனிவதில் பொருளில்லை. அந்த எட்டாண்டுகளில் எது போயிற்று, எது போகவில்லை என்று கணக்கெடுப்பதே இப்போது செய்யத்தக்கது.

இக்கணக்கை மூன்று அடுக்குகளாகப் பார்க்கலாம். முதல் அடுக்கு கோட்பாடு. பாரம் ஏறும்போது உத்திரம் எங்கே இழுபடும், எங்கே அமுங்கும் என்பது போன்றவை. இது எட்டாண்டில் மாறுவதன்று. மறந்திருக்கலாம், ஆனால் பழைய நோட்டைப் புரட்டினால் ஒரு மாதத்தில் திரும்பிவிடும். இரண்டாம் அடுக்கு நெறிமுறை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும், ஐ.எஸ். எண்களால் வழங்கும் விதித்தொகுப்புகளும் அரசின் சட்டங்களும் இதில் அடங்கும். மாறியது இந்த அடுக்கே, ஆனால் மாறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கான்கிரீட்டுக்கு அடிப்படையான ஐ.எஸ். 456, கல்லூரியில் படித்த 2000ஆம் ஆண்டுப் பதிப்பாகவே அந்த எட்டாண்டும் நடப்பில் இருந்தது. 2016இல் ஐ.எஸ். 383 திருத்தப்பட்டு, ஆற்று மணலுக்கு மாற்றாகக் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கு அதில் முறையான இடம் கிடைத்தது. அதே ஆண்டு ரெரா எனப்படும் வீடு, மனை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின், அடுக்குமாடி வீட்டை, வெளிச்சுவருக்குள் பயன்படும் பரப்பாகிய கார்ப்பெட் ஏரியாவின் கணக்கில் விற்க வேண்டியதாயிற்று. 2017 ஜூலை 1 முதல் ஒப்பந்ததாரரின் பில்லில் ஜி.எஸ்.டி. ஏறியது. 2019இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளிவந்தன. கான்கிரீட் கலவையை வகுக்கும் ஐ.எஸ். 10262உம் அதே ஆண்டு புதுப்பிக்கப்பட்டது.

இத்தகைய மாற்றங்களுள் இன்னொன்றைக் கிட்டச் சென்று பார்ப்பது நன்று. நிலநடுக்கத்தில் கட்டடம் சட்டென ஒடியாமல் வளைந்து தாங்கும்படி கம்பி கட்டும் முறையைக் கூறுவது ஐ.எஸ். 13920. அதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, தூணின் சிறிய பக்கம் 300 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்கிறது. நம் ஊர்களில் ஒன்பது அங்குலச் சுவரோடு தூண் துருத்தாமல் சமமாக நிற்க வேண்டும் என்பதற்காக 230 மில்லிமீட்டர் தூண் போடுவது தலைமுறை வழக்கம். 2002ஆம் ஆண்டு நிலநடுக்க வரைபடத்தில் மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்ட சென்னையில் பல மாடிக் கட்டடம் எழுப்பும்போது, வீட்டுக்காரரின் அழகுணர்ச்சிக்கும் அந்த 70 மில்லிமீட்டருக்கும் இடையே நின்று பேச வேண்டியவர் பொறியாளரே. அந்த இடத்தில் பட்டம் உழைக்கிறது.

மூன்றாம் அடுக்கு களத்தின் அளவை மொழி. இதை இழந்துவிட்டதாக வருந்துவோர் பலர், ஆனால் கல்லூரி அதைக் கற்றுத்தந்ததே இல்லை. பாடநூல் கன மீட்டரில் பேசும். மணல் லாரி யூனிட்டில் பேசும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது ஏறக்குறைய 2.83 கன மீட்டர். கம்பி கிலோ கணக்கில் விலை பேசப்பட்டு, 12 மீட்டர் நீளத் துண்டுகளாக வந்து இறங்கி, எண்ணிக்கையில் சரிபார்க்கப்படுகிறது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும் என்பது எழுதப் படிக்கத் தடுமாறும் கம்பி மேஸ்திரிக்கும் மனப்பாடம். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுக்க, மீட்டருக்கு 0.89 கிலோ, ஒரு முழுக் கம்பி 10.67 கிலோ, ஒரு டன்னுக்குச் சுமார் 94 கம்பிகள். அந்த 162 எங்கிருந்து வந்தது என்பதை மேஸ்திரி சொல்ல மாட்டார். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ என்பதையும் வட்டத்தின் பரப்பையும் சேர்த்து ஒரு காகிதத்தில் நாலு வரி போட்டால் பட்டதாரிக்கு அது வந்துவிடும். மறுபுறம், இறங்கிய கட்டில் பத்துக் கம்பி குறைகிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கண் மேஸ்திரிக்கு உண்டு, பட்டதாரிக்கு இல்லை. முப்பது வயதில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு நின்று, மேஸ்திரியை அண்ணே என்று அழைத்துக் கேட்டுக் கற்பதற்குக் கூச்சப்படுபவருக்கு இத்துறை திரும்பத் திறக்காது.

இனி, நுழையும் வாசல் எது என்ற கேள்வி. புதிதாய்ப் படித்து வந்தவர்கள் வரிசையில் நின்றால் எட்டாண்டும் சுமையாகத் தெரியும். ஆகவே பழைய வேலையும் பழைய படிப்பும் ஒன்றையொன்று தொடும் பக்கவாசலைத் தேடுவதே முறை. கம்பி, சிமெண்ட் கடையில் கணக்கெழுதியவருக்கு அது கொள்முதல் பிரிவாகவும், வங்கியில் வீட்டுக்கடன் கோப்புகளைப் பார்த்தவருக்குச் சொத்து மதிப்பீட்டாளரிடம் உதவியாளராகவும் அமையலாம். மதிப்பீட்டாளராகவே பதிவு செய்துகொள்ளப் பட்டத்துக்கு மேல் துறை அனுபவமும் வேண்டும் என்பதால், அது முதல் வாசலாக ஆகாது. கால் சென்டரிலிருந்து வருபவருக்குப் பொருத்தமானது பில்லிங் என்று களத்தில் வழங்கும் அளவீட்டுப் பிரிவே என்பது இக்கடிதத்தின் துணிபு.

பில்லிங் என்பதைக் கடை ரசீது போடும் வேலை என்று கருதிவிடலாகாது. முடிந்த வேலையை இடத்திலேயே அளந்து, நீளம், அகலம், உயரம் என்று அளவுப் புத்தகத்தில் பதிந்து, கதவு, சன்னல் திறப்புகளைக் கழித்து, ஒப்பந்த விலையால் பெருக்கி, ஒப்பந்ததாரருக்குச் சேர வேண்டிய தொகையை நிறுவுவது அது. எதை அளக்கலாம், எதைக் கழிக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 1200 என்று தனி விதித்தொகுப்பே உண்டு. வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர் இவ்வேலையில் ஒரு நாளும் தாக்குப்பிடிக்க முடியாது. வரைபடம் மட்டுமே தெரிந்தவரும் முடியாது, ஏனெனில் பாதி வேலை, மறுக்கும் ஆளிடம் மறுக்க முடியாதபடி எழுதுவது. கோபத்தோடு பேசும் வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தாமல் பதில் சொன்னதும், ஒவ்வொரு உரையாடலையும் தேதி, நேரத்தோடு பதிந்து வைத்ததும், எக்செல் தாளில் ஆயிரம் வரிகளுக்குள் ஒரு பிழையைத் தேடிப் பிடித்ததும் இங்கே நேரடியாகப் பயன்படுகின்றன. தன்விவரக் குறிப்பில் அந்த எட்டாண்டை மறைத்து இடைவெளியாக விடுவதைவிட, இம்மூன்றையும் மூன்று வரியில் எழுதி, அவற்றின் கீழே அண்மையில் தானே போட்ட ஒரு அளவுக் கணக்கை இணைப்பது பன்மடங்கு மேலானது.

தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம் இன்னொரு வாசல். அங்கே சம்பளம் சற்றுக் குறைவாக இருக்கலாம், ஆனால் பட்டம் உழைப்பதை அங்கே போல வேறெங்கும் கண்ணால் காண முடியாது. எம் 20 கான்கிரீட் என்றால், 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டி 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று பொருள். கட்டியின் முகப்பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர் ஆதலால், தாங்க வேண்டிய மொத்தப் பாரம் 450 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 46 டன். ஒரு லாரிக் கான்கிரீட்டிலிருந்து எடுத்த மூன்று கட்டிகள் 28 நாள் தண்ணீரில் கிடந்தபின் எந்திரத்தில் ஏற்றப்பட்டு, சராசரியிலிருந்து எந்தக் கட்டியும் 15 விழுக்காட்டுக்கு மேல் விலகாதிருந்தால்தான் அந்த முடிவு செல்லும். எந்திரத்தை ஓட்டவும் எண்ணைக் குறிக்கவும் பத்தாம் வகுப்புப் படித்த பையனே போதும். ஆனால் 7ஆம் நாளில் உடைத்த கட்டிகள் எதிர்பார்க்கும் மூன்றில் இரண்டு பங்கை எட்டாமல் பாதியிலேயே நின்றுவிட்டால், மறுநாள் போட வேண்டிய தளத்தை நிறுத்துவதா, 28ஆம் நாள் வரை பொறுப்பதா, குறை கலவையிலா, கலவை லாரியில் தாராளமாக ஊற்றிய தண்ணீரிலா, கட்டியைச் சரியாக நனைக்காததிலா என்று ஆராய்ந்து அன்று மாலைக்குள் சொல்ல வேண்டியவர் பட்டதாரி. அந்த ஒரு மாலைக்காகத்தான் நாலாண்டுப் படிப்பு.

மேற்படிப்பு பற்றியும் தேர்வுகள் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்.இ. போன்ற மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை, மதிப்பெண் மூன்றாண்டு செல்லும்; கட்டமைப்பு வடிவமைப்பில் உண்மையான நாட்டம் உள்ளவருக்கு எம்.இ. பயன்படும். வேலை தேடும் அச்சத்தை இரண்டாண்டு தள்ளிவைப்பதற்காக எம்.இ. சேர்பவர், இரண்டாண்டு கழித்து அதே அச்சத்தோடு, கூடுதல் கடனோடு வெளியே வருவதே பெரும்பாலும் நடக்கிறது. மென்பொருள் பயிற்சி நிலையங்கள் விற்கும் நீண்ட பட்டியலில், வரைபடத்துக்கான ஆட்டோகேடும் நன்கு பழகிய எக்செலும் முதல் ஆண்டுக்குப் போதும்; மற்றவற்றை, அவற்றைக் கேட்கும் வேலை கிடைத்தபின் கற்கலாம்.

சம்பளம் குறையும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எட்டாண்டு அனுபவமுள்ள குழுத்தலைவருக்கு அழைப்பு மையம் தரும் தொகையை அளவீட்டுப் பிரிவின் முதல் ஆண்டு தராது; எவ்வளவு குறையும், எத்தனை மாதம் சமாளிக்க முடியும், தவணை எது, வாடகை எது என்று மனைவியோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தபின் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதும், எழுதிப் பார்க்கும் முன் கொடுப்பதும் ஒன்றாகா. உறவினர் என்ன சொல்வார்கள் என்ற கவலைக்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட ஒதுக்க வேண்டியதில்லை.

ராஜினாமாவுக்கு முன்பே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. மருமகன் குடியிருக்கும் தெருவிலேயே யாரோ வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். கட்டாத தெரு இப்போது இல்லை. உரிமையாளரிடமும் மேஸ்திரியிடமும் அனுமதி பெற்று, நாலு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவு நாடாவோடு போய், அடித்தளம் முதல் லிண்டல் மட்டம் வரை செங்கல், கம்பி, கான்கிரீட் மூன்றையும் அளந்து, ஒரு தாளில் அளவு, எண்ணிக்கை, கழிவு, மொத்தம் என்று பத்தி பிரித்து எழுத வேண்டும். பிறகு, உண்மையில் எத்தனை மூட்டை சிமெண்ட் போயிற்று, எத்தனை டன் கம்பி வந்தது என்று மேஸ்திரியிடம் கேட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைசிப் பத்தியில் குறிக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டுவந்தால் நல்லது. திருத்துவதற்குச் சிவப்பு மைப் பேனா இங்கே இருக்கிறது.

ஆசிகளுடன்,
பெரிய மாமா