தானாக ஏறி, தானாக இறங்கும் எஞ்சின்

குச்சவெளியில் ஒரு வேப்பமர நிழலில் நின்ற அந்தப் பழைய அல்டோ, அடுப்பில் பால் பொங்கிப் பொங்கி அடங்குவது போலச் சத்தம் போட்டது. அக்சிலேட்டரில் யாரும் கால் வைக்கவில்லை. எஞ்சின் தானாக ஏறும், தொப்பென்று விழும், அணையப்போகிற நேரத்தில் மறுபடி ஏறும்.

சொந்தக்காரருக்கு ஒரு மாதமாக இதே தலையிடி. திருகோணமலையில் ஒரு கராஜில் மூன்று பிளக்கையும் மாற்றி, த்ரொட்டிலையும் கழுவிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது நிலாவெளி தாண்டியதும் பழைய ஆட்டம். அடுத்த தடவை ஐடில் வால்வையே மாற்ற வேண்டுமாம்.

ஊர் மெக்கானிக் பொனட்டைத் திறக்க அவசரப்படவில்லை.

“காலமை ஸ்டார்ட் பண்ணினதும் ஆடுதா தம்பி?”

“இல்லண்ண, சூடாகினாப் பிறகுதான்.”

“ஏசி போட்டா?”

“கொஞ்சம் அடங்கும்.”

பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது. இந்த வகை எஞ்சினில், இன்டேக் மேனிபோல்டின் அழுத்தத்தை ஒரு சென்சர் அளந்து சொல்ல, அதற்கேற்பக் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். எங்கோ ஓட்டை வழியாகக் காற்று புகுந்தால் அழுத்தம் கூடும், பெட்ரோலும் கூடும், எஞ்சின் ஏறும். த்ரொட்டில் மூடியிருக்க எஞ்சின் வேகம் மட்டும் ஏறினால், கார் இறக்கத்தில் உருள்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். வேகம் விழும். உடனே திரும்ப விடும். பொங்கி அடங்குவது இதனால்தான். குளிர்ந்த எஞ்சினில் அந்த நிறுத்தும் எல்லை உயரத்தில் இருப்பதால் காலையில் கார் நல்ல பிள்ளையாக நிற்கும்.

பிறகுதான் பொனட் திறந்தது. ஒவ்வொரு ரப்பர் ஹோஸாக இரண்டு விரலால் நசுக்கிக்கொண்டே வந்தார். பிசிவி வால்வுக்குப் போகும் ஹோஸை மேனிபோல்ட் ஓரமாக நசுக்கியதும் ஆட்டம் சட்டென நின்றது. விட்டார், ஆடியது. கழற்றிப் பார்த்தால் வெளியே ஒன்றுமில்லை. வளைத்தபோதுதான் அடிப்பக்கத்தில் நகக்கண் அளவு வெடிப்பு வாய் திறந்தது. இறுகிப்போன ரப்பர். புது ஹோஸின் விலை, மாற்றிய பிளக் ஒன்றின் விலைகூட வரவில்லை.

எல்லாக் காருக்கும் இதுவே மருந்தல்ல. காற்றின் அளவையே அளக்கும் சென்சர் உள்ள கார்களில், அதே ஓட்டை பெட்ரோலைப் பற்றாக்குறையாக்கும். எஞ்சின் ஏறாமல் நடுங்கும், ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு வரும். பி0505 வந்தால் ஐடில் கட்டுப்பாட்டில் கோளாறு. அதைப் பார்த்ததும் வால்வு வாங்க ஓடக்கூடாது, காற்று ஓட்டையும் அதே குறியீட்டைக் கொண்டுவரும். ஓட்டை தேடச் சிலர் கார்ப் கிளீனர் அடிப்பார்கள். சூடான சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் அது தீயோடு விளையாட்டு. விரலும் சோப்புத் தண்ணியும் போதும்.

கடலோர ஊரில் இன்னொன்றும் உண்டு. பற்றரி முனையையும் எர்த் வயரையும் உப்புக்காற்று அரிக்கும். மெக்கானிக் கடைசியாக அந்த எர்த் போல்ட்டைக் கழற்றினார். கீழே பச்சைப் பொடி. சாண்ட்பேப்பரால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் பூசினார்.

“இதுக்குக் காசு வேணாம். அந்த ஹோஸ மட்டும் வருசத்துக்கொருக்கா வளைச்சுப் பாருங்க.”