அரைவயிற்றோடு ஓடாதே, கயல்

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய ஒருநாள் சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன். காலைப் பயிற்சிக்கு முன் ஒன்றுமில்லை. ஓடி வந்தபின் மூன்று இட்லி. மதியம் சோறு வேண்டாமென்று கூட்டும் ரசமும் மட்டும். சாயங்காலம் பால் இல்லாத டீ. இரவு இரண்டு சப்பாத்தி, மஞ்சள்கருவை எடுத்துப் போட்ட ஒரு முட்டை. இதைத் தின்றுவிட்டு வாரத்துக்கு அறுபது கிலோமீட்டர் ஓடுகிறாய்! "எடை குறைஞ்சா டைமிங் குறையும்னு சீனியர் அக்கா சொல்றாங்க" என்று கடைசியில் ஒரு வரி வேறு.

கணக்குப் போட்டுப் பார். நீ 48 கிலோ. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கடுமையாக ஓடுகிறவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு உணவியலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு. குறைந்தபட்சத்தை எடுத்தாலே உனக்கு 288 கிராம். 100 கிராம் சோற்றில் இருப்பது சுமார் 28 கிராம்தான். உன் பட்டியலை நான் எவ்வளவு தாராளமாகக் கூட்டினாலும் 130-ஐத் தாண்டவில்லை.

சாப்பிடும் மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்கிறது. வேகமாக ஓடும்போது உடம்பு முதலில் கைவைப்பது அதில்தான். கொழுப்பு மெதுவாக எரியும். மாஸ்டர் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடவிடும்போது கொழுப்பால் ஈடுகொடுக்க முடியாது. ஆறாவது சுற்றில் காலில் கல்லைக் கட்டினது போல் இருக்கிறது என்றாயே, அது உன் மனபலக் குறைவு இல்லை. கிளைகோஜன் காலி. இன்னொன்றும் தெரிந்துகொள். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் கூடவே மூன்று கிராம் போலத் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்திய மூன்றாம் நாளே எடை மெஷின் ஒரு கிலோ குறைத்துக் காட்டியது அதனால்தான். போனது கொழுப்பு அல்ல. ஓடுவதற்கான சக்தியும் அதோடிருந்த தண்ணீரும்.

சோறு தின்றால் ஓட முடியாது என்பவர்களிடம் கென்யாக்காரர்களைக் காட்டு. அங்கே இத்தேன் பக்கத்து ஓட்டக்காரர்கள் தின்பது உகாலி. மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்கிற களிதான் அது, தொட்டுக்கொள்ளக் கீரை. நடுவில் பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்ட டீ. அவர்கள் உணவை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வந்தது. அவர்களைவிட ஒல்லியாக இருப்பவர்கள் யார்?

பி.டி. உஷாவின் கதை உனக்குத் தெரியும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். உஷா 55.42 விநாடி, வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண் 55.41. முடிவுக்கோட்டில் மார்பை முன்னே தள்ளவில்லை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் உஷாவே பேட்டியில் சொன்னது வேறு. அங்கே கிடைத்த உணவு ஒத்துக்கொள்ளாமல் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயுமாக நாளை ஓட்டினாராம். கடைசி 35 மீட்டரில் சக்தி கைகொடுக்கவில்லை என்றார். அவருக்குக் கிடைக்கவில்லை. உனக்கோ மெஸ்ஸில் அண்டா அண்டாவாக வடித்து வைத்திருக்கிறார்கள், நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவருகிறாய்.

இனி உன் அம்மாவிடம் சொல்லத் தயங்கி என்னிடம் சொன்ன விஷயம். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை, "அது நல்லதுதான், ஃபிட்டா இருக்கேன்னு அர்த்தம்" என்று அந்த அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பெண் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பாள். ஆனால் தவறு. செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால், உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்தும். பெண்களுக்கு அதில் முதலில் தெரிவது மாதவிலக்கு நிற்பதுதான். ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு இளைக்கும். கெண்டைக்கால் எலும்பில் விரிசல் விட்டு ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்த பிள்ளைகளைப் பி.இ.டி. டீச்சராக நானே பார்த்திருக்கிறேன். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இந்தச் சக்திக் குறைபாட்டுக்குத் தனிப் பெயர் வைத்து, பயிற்சியாளர்களை எச்சரித்திருக்கிறது. உன் வயது எலும்பு வலுப்பெறும் வயது. இப்போது விட்டதை முப்பதில் பிடிக்க முடியாது. வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் டாக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பாய். விடிகாலை கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் போதும். ஓடி வந்து அரைமணி, ஒரு மணிக்குள் நல்ல டிபன். பொங்கலோ இட்லியோ வயிறு நிறைய, கூடவே இரண்டு முழு முட்டை. மஞ்சள்கருவைக் குப்பையில் போடுவதை இன்றோடு நிறுத்து. சாயங்காலம் மறுபடி ஓட வேண்டியிருப்பதால் மதியம் சோறு தவறவே கூடாது. நாலு மணிக்குச் சுண்டல் வேண்டாம், வயிறு பொருமும். அதை ஓடி முடித்தபின் தின்னு. புரதம் உனக்கு ஒரு நாளைக்கு 70 கிராம் போல வேண்டும். முட்டை, பால், தயிர், பருப்பு, சுண்டல், வாரத்தில் மூன்று நாள் மீனோ கோழியோ என்றால் வந்துவிடும். ஒரே வேளையில் கொட்டிக்கொள்ளாமல் நாலு வேளைக்குப் பிரித்துக்கொள்.

இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை. ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் ஈரலோ சுவரொட்டியோ போட்டால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிப் போடு.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் காலத்து மாஸ்டர்கள், குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று குழாய்ப் பக்கமே விடமாட்டார்கள். இப்போது அதற்கு நேர்மாறாகப் பாட்டிலும் கையுமாக அலைகிறீர்கள். இரண்டும் சரியில்லை. 2002 பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. பெரும்பாலும் ஓடும்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்கள். உன் அளவை நீயே கண்டுபிடிக்கலாம். ஓடுவதற்கு முன் எடை பார், ஓடி முடித்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பார். 800 கிராம் குறைந்தால் 800 மில்லி போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, உப்போடு குடி. உப்புப் போட்ட நீர்மோர் இருக்க வேறெதற்கு அலைய வேண்டும்? இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் உப்புக்கடலையோடு குடி. நீண்ட பயிற்சி நாட்களில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சை என்று கலந்து எடுத்துப் போ. மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்ட பொடிப் பாக்கெட்டைப் பார்த்து வாங்கு. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டு ஜூஸ் விற்கக் கூடாது என்று 2025-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட வேண்டியிருந்தது.

மாநிலப் போட்டி அன்று ஹீட்ஸ் காலையில், ஃபைனல் சாயங்காலம். முதல் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு இட்லி. சாம்பார் கொஞ்சம், எண்ணெய் வேண்டாம். அன்றைக்கு மட்டும் வரகு, தினை, கீரை எல்லாவற்றையும் மறந்துவிடு. சிறுதானியத்தை இப்போது சாமி மாதிரி கும்பிடுகிறார்கள். ஆனால் ஓடப்போகும் வயிற்றுக்கு நார்ச்சத்து பாரம், வெள்ளை அரிசிதான் சுகம். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் தயிர்சாதம், வாழைப்பழம், பேரீச்சை. மைதானத்தில் யாராவது பிரியாணிப் பொட்டலம் நீட்டினால் ஃபைனல் முடிந்தபின் பிரி. உன் 3000 மீட்டர் பத்துப் பன்னிரண்டு நிமிட ஓட்டம், நடுவில் எதுவும் குடிக்கத் தேவையில்லை. பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்று வாயில் வைக்காதே.

ஜிம் அண்ணன் கொடுத்ததாகச் சொன்ன அந்தப் பவுடர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஜெர்மனியின் கொலோன் ஆய்வுக்கூடத்தில் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்ட்களைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 15 சதவீதத்தில், லேபிளில் சொல்லாத ஹார்மோன் சரக்கு இருந்தது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் "எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது. உன் உடம்பில் இருப்பதற்கு நீதான் பொறுப்பு என்பதே ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம்.

உங்கம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். மாஸ்டரிடமும் வார்டனிடமும் உன் அப்பா பேசுவான். கடலை மிட்டாய், சத்துமாவு, முருங்கைப் பொடி பார்சலில் வருகிறது. ரூமில் எல்லோருக்கும் கொடு, அந்த சீனியருக்கும்தான். சனிக்கிழமை வந்து உன்னை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி பார்க்கச் சொல்வார்கள். இதற்கெல்லாம் வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டே வா.

அன்புடன்,
அத்தை